சோழிக் கணக்கரின் நான்கு சொற்கள்

1825-இல் சென்னைக் கல்லூரி அச்சகத்திலிருந்து ‘கால சங்கலிதா’ என்றொரு தடித்த ஆங்கில நூல் வெளிவந்தது. தென்னிந்திய மக்கள் காலத்தை எப்படிப் பகுக்கிறார்கள், பஞ்சாங்கத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதை அட்டவணை அட்டவணையாக விளக்கும் நூல் அது. எழுதியவர் ஜான் வாரன். லாம்ப்டனின் நில அளவைக் குழுவில் வேலை பார்த்தவர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்தவர். கடைசியில் புதுச்சேரியில் காலமானவர்.

அந்த நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். வாரன் அவர் பெயரை ‘சாமி நாடென் சாசியா’ என்று ஒலிக்கும்படி ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனத்தில் பதித்திருந்த வாய்பாடுகளை ஒவ்வொன்றாக வரவழைத்து, 1825 மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தை வாரன் முன்னால் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. அவருடைய நினைவாற்றலை வாரன் வியந்து எழுதுகிறார். அதே மூச்சில், இந்திய வானியலின் கோட்பாடுகளில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது என்றும் எழுதிவிடுகிறார்.

இந்தத் தீர்ப்புதான் என் தேடலின் தொடக்கம். கிரகணத்தைக் கணிக்கத் தெரிந்த ஒருவருக்குக் கிரகணம் பற்றி எதுவும் தெரியாது என்றால், அவர் மனத்தில் இருந்தது என்ன? அவரை இனி நேரில் கேட்க முடியாது. அவர் பயன்படுத்திய எண்கள் மட்டும் அச்சில் தங்கியிருக்கின்றன. அவற்றைத்தான் சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

எண்கள் சொன்ன சாட்சியம்

வாரனின் நூலை உலக ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஓட்டோ நோய்கெபவர். பாபிலோனியக் களிமண் பலகைகளில் உள்ள கணிதத்தைப் படித்தறிந்த பெரிய அறிஞர். 1952-இல் ‘ஓசிரிஸ்’ ஆய்விதழில் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை, புதுச்சேரிக் கணக்கரின் முறையை எடுத்துவைத்து அலசுகிறது. அந்த முறையின் மையத்தில் நான்கு எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் உண்டு. வாரன் எழுதிய வடிவத்தைத் தமிழில் தந்தால்:

வேதம் – 16,00,984
ரச கெரிக – 12,372
காலநிலம் – 3,031
தேவரம் – 248

கணக்கு செய்யும் வழி எளிது. கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கழிந்த நாள்களை எண்ணிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து 16,00,984-ஐக் கழிக்க வேண்டும். மீதியை 12,372 ஆல் வகுத்து, வரும் மீதியை 3,031 ஆலும், அதன் மீதியை 248 ஆலும் வகுக்க வேண்டும். ஈவுகள் ஒவ்வொன்றுக்கும் சந்திரன் நகர்ந்த தூரம் முன்பே கணித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் எஞ்சும் எண் 248-க்குள் அடங்கும். அந்த எண்ணுக்குரிய வரியை மனப்பாடத்திலிருந்து எடுத்துக் கூட்டினால் சந்திரன் நிற்கும் இடம் கிடைத்துவிடும்.

ஏன் இந்த எண்கள்? சந்திரன் பூமியைச் சுற்றும்போது ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு மிகத் தொலைவான இடத்தில், அதாவது உச்சத்தில், மெதுவாகவும், மிக அருகில் வேகமாகவும் நகர்கிறது. ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்கு ஏறத்தாழ 27.5546 நாள். இந்தச் சுற்று முழு நாளில் முடியாததால், சந்திரனின் அன்றாட நகர்வைப் பட்டியலிட்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது இயலாது. 9 சுற்றுகள் சேர்ந்தால் 248 நாளுக்கு மிக அருகில் வரும். 110 சுற்றுகள் 3,031 நாள். 449 சுற்றுகள் 12,372 நாள். ஒவ்வொரு படியிலும் பொருத்தம் கூடிக்கொண்டே போகிறது.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் உறவு தெரியும். 3,031 என்பது 248-இன் 12 மடங்கோடு 55. அந்த 55 நாள் இரண்டு சுற்றுகளுக்குச் சமம். 12,372 என்பது 3,031-இன் 4 மடங்கோடு 248. சுற்றுகளின் எண்ணிக்கையும் அதே வழியில் வருகிறது: 12 × 9 + 2 = 110; 4 × 110 + 9 = 449. ஒரு பின்னத்தைச் சிறிய முழு எண்களால் மேலும் மேலும் நெருங்கிப் பிடிக்கும் கலையை இன்றைய கணிதம் தொடர் பின்னம் என்கிறது. அதன் கனிகள் ஒரு பஞ்சாங்கக்காரரின் நாக்கில் இருந்திருக்கின்றன.

பெயருக்குள் ஒளிந்த எண்

அடுத்து அந்தப் பெயர்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. வாரனின் நூலில் அவை எண்களுக்கு ஒட்டிய சீட்டுகளைப் போலத் தெரிகின்றன. தென்னாட்டு வானியலில் எண்களை எழுத்தாக மாற்றும் கடபயாதி முறையை அறிந்தவர்களுக்கு வேறொன்று தோன்றும். அந்த முறையில் வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. க முதல் ஞ வரையும், ட முதல் ந வரையும் 1-இல் தொடங்கிப் பூச்சியம் வரை செல்லும். ப வரிசை 1 முதல் 5 வரை. ய 1, ர 2, ல 3, வ 4 என்று நகர்ந்து ஸ 7, ஹ 8 ஆகும். உயிரொலிக்கு மதிப்பில்லை. சொல்லின் முதலெழுத்து ஒன்றாம் இடம், அடுத்தது பத்தாம் இடம் என்று வலமிருந்து இடமாக எண்ணை எழுத வேண்டும்.

‘தேவரம்’ என்பதை வைத்துப் பார்ப்போம். முதலெழுத்து த வரிசையின் மூன்றாம் ஒலி. அதன் மதிப்பு 8. வ 4. ர 2. வலமிருந்து எழுதினால் 248. ‘காலநிலம்’: கா 1, ல 3, நி 0, ல 3. வலமிருந்து 3,031. பெயரும் எண்ணும் ஒன்றே. பெயரை மறக்காதவர் எண்ணை மறக்க மாட்டார்.

மூன்றாவது சொல்லில் ஒரு சிக்கல் இருந்தது. ‘ரச கெரிக’ என்பதில் ர 2, ஸ 7, ரி 2, கடைசிக் க 1. நடுவில் உள்ள ‘கெ’ எந்த ஒலி? வாரன் அதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் விதம் க வரிசையின் நான்காம் ஒலியைச் சுட்டுவது போலிருக்கிறது. அப்படியானால் எண் 12,472 ஆகிவிடும். மூன்றாம் ஒலி என்றால் 12,372. இங்கே எழுத்தைவிடக் கணக்கு நம்பகமான சாட்சி. 4 × 3,031 + 248 என்பதைக் கூட்டிப் பாருங்கள், 12,372 தான் வரும். சந்திரனின் 449 சுற்றுகளும் அதையே உறுதி செய்கின்றன. ஆகவே அது மூன்றாம் ஒலி. ஐரோப்பிய எழுத்துக்கு மாறிய வழியில் உருத்திரிந்திருக்கிறது.

இந்த முறை எவ்வளவு உறுதியானது என்பதும் இங்கே தெரிகிறது. வேற்று எழுத்துக்குப் போகும்போது சொற்களில் முதலில் சிதைவது உயிரொலி. காலாநலம் காலநிலமானாலும், கைரிகம் கெரிகமானாலும் எண்ணுக்குச் சேதமில்லை. மெய்கள் மட்டும் தப்பிப் பிழைத்தால் போதும். பிழை தாங்கும் ஒரு குறியீட்டை அமைத்தவர்கள் மனித நாக்கையும் காதையும் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

‘வேதம்’ மட்டும் இரண்டே எழுத்தில் நிற்கிறது. எண்ணுக்கோ ஏழு இலக்கம். வே 4, த வரிசை மூன்றாம் ஒலி 8. வலமிருந்து எழுதினால் 84. 16,00,984-இன் கடைசி இரண்டு இலக்கங்கள் அவைதான். ஏழெழுத்துத் தொடரொன்றின் தலைச்சொல்லை மட்டும் வாரன் குறித்திருக்கிறார் என்று கொள்வதே பொருத்தம்.

ஒரு கணக்கின் பிறந்தநாள்

12,372 போன்ற எண்களைச் சந்திரன் தருகிறது. 16,00,984-ஐச் சந்திரன் தரவில்லை. யாரோ ஒருவர் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18. அங்கிருந்து 16,00,984 நாள் எண்ணினால் கி.பி. 1282 மே 22-இல் போய் நிற்கிறோம். சந்திரன் உச்சத்தில் இருந்த ஒரு விடியலைத் தொடக்கமாக வைத்து, அதற்கு முந்தைய நாலாயிரம் ஆண்டுகளையும் ஒரே எண்ணில் மடக்கிவிட்டார் அந்தப் பெயர் தெரியாத கணிதர். தமிழ்நாட்டுப் பஞ்சாங்க மரபின் அடிப்படை நூலான ‘வாக்கிய கரணம்’ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்று கருதப்படுகிறது. சென்னையில் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் 1962-இல் வெளியிட்ட பதிப்பு, டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் செய்தது. புதுச்சேரிச் சோழிகளுக்குப் பின்னால் நின்ற ஓலை வாக்கிய கரணம்தான்.

வாரனுக்கு முன்பே இந்த எண்கள் ஐரோப்பாவுக்குப் போயிருந்தன. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்ட்டி, சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் நடுக்கடலில் நிற்க வேண்டியதாயிற்று. 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்தும் மேகம் மறைத்துவிட்டது. அந்தக் காத்திருப்பின் நடுவே தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் அன்று சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி கூட்டிக் காட்டியது. ஒரேயொரு கிரகணத்தை வைத்து எந்த முறை மேல் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே தராசில் ஏற்றத் தக்கவை என்பதை மறுக்கவும் முடியாது.

பின்னோக்கிப் போனால் தடம் இன்னும் நீள்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த ‘பஞ்ச சித்தாந்திகை’யில், வசிஷ்ட சித்தாந்தப் பகுதியில் 248-உம் 3,031-உம் இருக்கின்றன. மான்செஸ்டரின் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள ஒரு கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு, எகிப்தில் கிடைத்தது, அதே இரண்டு எண்களால் சந்திரனைக் கணிக்கிறது. பாபிலோனியப் பலகைகளில் 248 இருக்கிறது. நோய்கெபவர் தமிழ்க் கணக்கின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இந்தத் தொடர்பே. யூப்ரடீஸ் கரையில் தொடங்கிய ஒரு சந்திரக் கணக்கு, பல மொழிகளையும் சமயங்களையும் கடந்து, புதுச்சேரித் தெரு ஒன்றில் 1825-இலும் உயிரோடு இருந்தது. இது தமிழரின் பெருமையைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. பெற்றுக்கொண்டதை வளர்த்து, எழுத்தாக்கி, தலைமுறைகள் தாண்டிக் காத்தது இந்த மண். மற்ற இடங்களில் அகழ்ந்தெடுக்க வேண்டியிருந்தது இங்கே வாயில் இருந்தது.

அந்த இரவின் கணக்கு

ஆவணங்கள் போதாது என்று பட்டபோது அவருடைய கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 1825 மே 31 வரை கலி நாள் 17,99,312. முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். கலி வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது. நாள் எண்ணை 7 ஆல் வகுத்தால் மீதி 4. வெள்ளியிலிருந்து நான்கு நாள் தள்ளினால் செவ்வாய். 1825 மே 31 செவ்வாய்க்கிழமைதான். கணக்கு தடம் மாறவில்லை.

இனி வேதத்தைக் கழிக்கலாம்: 1,98,328. இதில் 12,372 பதினாறு முறை போகும், மீதி 376. அதில் 3,031 போகாது. 248 ஒருமுறை போகும், மீதி 128. ஆகவே சோழிகள் கடைசியாகக் காட்டியிருக்க வேண்டியது 16, 0, 1, 128. அந்த 128-க்குரிய வாக்கியத்தை அவர் நினைவிலிருந்து சொல்லியிருப்பார். 543 ஆண்டுகளைக் கடக்க அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கழித்தலும் மூன்று வகுத்தல்களும். அதன் பின் கிரகணத்துக்குச் சூரியனின் இடமும் ராகுவின் இடமும் நிழலின் அளவும் வேண்டும். அவற்றையும் இதே போல நினைவிலிருந்தே கொண்டுவந்தார்.

248 வாக்கியங்களும் வரருசியின் பெயரால் வழங்குகின்றன. ஒவ்வொன்றும் பொருளுள்ள சிறு தொடர். எழுத்துகளை எண்ணாக்கினால் சந்திரன் அதுவரை நகர்ந்த தூரம். முதல் மூன்றையும் அவிழ்த்தால் 12 பாகை 3 கலை, 24 பாகை 9 கலை, 36 பாகை 22 கலை என்று வரும். ஒரு நாளுக்கான நகர்வைப் பிரித்தெடுங்கள்: முதல் நாள் 12 பாகை 3 கலை, இரண்டாம் நாள் 12 பாகை 6 கலை, மூன்றாம் நாள் 12 பாகை 13 கலை. உச்சத்தை விட்டு இறங்கும் சந்திரன் மெல்ல வேகம் பிடிப்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. சராசரி நகர்வு 13 பாகை 10 கலையை ஒட்டியது. வாரன் இல்லையென்று சொன்ன கோட்பாடு வாய்பாட்டுக்குள் கரைந்து கிடக்கிறது.

புரிதல் யாருடையது?

அப்படியானால் சாசியாவுக்கு அது புரிந்திருந்ததா? ஐரோப்பியக் கல்விக்கூடத்தில் கேட்பது போல நிரூபணம் கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் நீண்ட வகுத்தலில் இடமதிப்பு தவறாமல் சோழிகளை நகர்த்துவதும், எந்த ஈவு முன்பே கணித்து வைத்த எந்த நகர்வைப் பெருக்க வேண்டும் என்று அறிவதும் பொருள் தெரியாத கிளிப்பேச்சு ஆகாது. கணக்கின் உறுப்புகள் ஒவ்வொன்றும் எதற்காக இருக்கின்றன என்ற அறிவு இல்லாமல் அதை ஒருவர் ஓட்ட முடியாது.

அவர் வளர்ந்த கல்விச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைய தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லிப் படித்தார்கள். 320-இல் ஒரு பங்கான முந்திரி, அதில் மறுபடி 320-இல் ஒரு பங்கான கீழ்முந்திரி என்று பின்னங்கள் ஓலையில் ஏறுமுன் நாக்கில் ஏறின. நெல்லளக்கவும் நிலமளக்கவும் கூலி பிரிக்கவும் உதவிய கணக்கு அது. செந்தில் பாபு 2022-இல் வெளியிட்ட ஆங்கில நூல், தென்னிந்தியாவில் நினைவு என்பது கற்றலின் ஒரு முறையாகவே இயங்கியதை ஆவணங்களோடு காட்டுகிறது. காலனியக் கல்வி அதை மனப்பாடம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துத் தாழ்த்தியது. வாரனின் தீர்ப்பு தனியொருவரின் கருத்தாக நிற்கவில்லை. நம் வகுப்பறைகளில் அது இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2023-இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றிலோ டிசம்பர் 20. குடும்பங்களில் எது சரி என்ற பேச்சு எழுந்ததைப் பலரும் கேட்டிருப்போம். சனி ஒரு பாகை நகர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எனவே பழைய மாறிலிகளில் உள்ள சில பாகைப் பிழை மாதக்கணக்காக விரிகிறது. வாய்பாடு தலைமுறைகளைக் கடந்து வந்தது. வானத்தைப் பார்த்து அதைத் திருத்தும் வழக்கம் உடன் வரவில்லை.

அது வந்த காலமும் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் சங்கமக்கிராமத்து மாதவர் அதே 248 வாக்கியங்களை எடுத்து, கலையோடு நின்றிருந்த துல்லியத்தை விகலை வரை கொண்டுபோய்ப் புதிதாக இயற்றினார். ‘வேண்வாரோகம்’ என்ற நூலில் சந்திரனை ஒரே நாளில் ஒன்பது முறை கணிக்கும் வழியைத் தந்தார். முடிவிலித் தொடர்களைக் கண்ட அதே மாதவர்தான் இவர். மனப்பாட மரபுக்குள் நின்று, காரணமும் தெரிந்தவராக இருந்ததால் அவரால் மரபைத் திருத்த முடிந்தது. நினைவும் காரணமும் ஒருவரிடம் சேர்ந்திருந்தபோது கணக்கு வளர்ந்தது. கணிக்கிறவர் ஒருவர், காரணம் அறிந்தவர் வேறொருவர் என்று பிரிந்தபோது அது தேங்கியது. நான் தேடிப் போன கேள்விக்கு ஆவணங்கள் தந்த விடை இதுதான்.

பள்ளியில் வாய்பாடு வேண்டுமா, புரிதல் வேண்டுமா என்று இன்று நடக்கும் விவாதத்துக்கும் இந்த விடை பொருந்தும். ஏழாம் வகுப்புப் பிள்ளையால் 12,372-ஐ 3,031 ஆலும் 248 ஆலும் பிரித்துப் பார்க்க முடியும், மீ.பொ.வ. காணும் அதே வகுத்தல்தான். தேவரம் என்ற சொல்லிலிருந்து 248-ஐ எடுக்கச் சொன்னால் விளையாட்டாக எடுத்துவிடும். பிறகு நிலாவை ஒரு மாதம் பார்த்து, அது ஒவ்வொரு நாளும் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று குறிக்கச் சொல்லலாம். மனப்பாடம், வகுத்தல், வானம் ஆகிய மூன்றும் ஒரே பாடமாகிவிடும்.

ஆய்வாளர்களுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாக்கியச் சுவடிகள் ஏராளம். அவை சோதிடம் என்ற தலைப்பில் அடுக்கப்பட்டிருப்பதால் கணித வரலாறு எழுதுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் ஆண்டுதோறும் அச்சாகிறது. அதைக் கணிக்கிறவர்கள் நம் ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்கள் எந்த எண்ணை எப்படிக் கையாளுகிறார்கள், யாரிடம் கற்றார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய வேண்டும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைக் கற்றுக்கொண்ட பிறகு அவர்களுடைய புரிதலைப் பற்றித் தீர்ப்பு எழுதலாம்.